டயரு பாவம் கண்ணு

டயரு கம்பெனியைத் திட்டிக்கிட்டே நீ வாசப்படி ஏறுனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, பந்தயம் உனக்கு எப்படி முடிஞ்சுதுன்னு. ஜெயிச்சவன் எவனும் டயரைப் பத்திப் பேசறதில்லே கண்ணு. அவன் தன்ற தெறமையைப் பத்தித்தான் பேசுவான். டயரு லாட்டு, ட்ராக்குல கெடந்த மண்ணு, முன்னால போனவன் வழி விடாத கொடுமை, இதெல்லாம் ஆறாவது எடத்துக்குப் பொறவு வர்றவங்களுக்குன்னே ஆண்டவன் தனியாப் படைச்சு வெச்ச பேச்சு.

சரி, கழட்டிக் கொண்டாந்ததைத் திண்ணையில வை, பாக்கலாம். அடடா! முன் டயரு ரெண்டும் வெளி ஓரத்துல மொட்டையாப் போய்க் கெடக்குது. பின் டயருல பாரு, அச்சுல இருந்து எடுத்தப்ப இருந்த ரப்பர் முடி கூட அங்கங்க உதிராம நிக்குது. அதைத் தொடைச்சு வெச்சா எவனாச்சும் புதுசுன்னே வாங்கிட்டுப் போவான். இந்த நாலையும் ஒட்டுக்கா வெச்சுப் பாத்த பொறவும், "இந்தவாட்டி வந்த டயரு சரியில்லீங்க அப்பிச்சி"ன்னு சொல்ல உனக்கு வாய் வந்துச்சே, அந்தத் தைரியத்துல பாதியை ரெண்டாவது வளைவுல காட்டியிருந்தா மூணு பேரை முந்தியிருக்கலாம்.

உன்ற போலோ முன்சக்கரம் இழுக்கற வண்டி. இன்ஜினு முன்னால, கியர்பாக்ஸும் முன்னால. இழுக்கறது முன்சக்கரம், திரும்பறதும் அதேதான். பிரேக்குல காலை வெச்சா பாரம் முன்னால குமியறதால நிறுத்தற வேலையிலயும் பெரும்பங்கு அதுங்க தலையில. நின்ன எடத்துலயே நூத்துல அறுவது பங்கு எடை முன்னச்சு மேலதான் கெடக்குது. ஒரே சோடி மாட்டைக் காலையில ஏர்ல பூட்டி, மத்தியானம் கவலை எறைக்க விட்டு, பொழுதோட சந்தைக்கு வண்டியும் கட்டிப்போட்டு, இன்னொரு சோடியைக் கட்டுத்தாரையில நிறுத்தி அதுக்குப் பருத்திக்கொட்டை வெக்கற பண்ணாடியை இந்தச் சீமையில நான் பாத்ததில்லே. இப்பப் பாத்துட்டேன். ஹெல்மெட்டுல பேரு போட்டு வெச்சிருக்கான்.

இது உனக்கு மட்டும் வந்த வியாதியில்லே. 2015ல லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நிஸ்ஸான்காரன் முன்சக்கரம் இழுக்கற வண்டியே எறக்குனான். முன் டயரு 14 அங்குல அகலம், பின் டயரு 9 அங்குலம்தான். வேலை எங்க இருக்குதோ அங்க ரப்பரைப் போடுன்னு நெனச்சிருக்கான், நெனப்புல குத்தமில்லே. ஆனா வண்டியில வேற நூறு கோளாறு. மூணு வண்டி எறக்குனதுல ரெண்டு பாதியிலயே நின்னு போச்சு. மூணாவது கடைசி வரைக்கும் ஓடியும், ஓடுன தூரம் பத்தலேன்னு கணக்குலயே சேக்கலே.

அதுக்காக "முன்சக்கர வண்டியே லாயக்கில்லீங்க"ன்னு நைசா நழுவப் பாக்காதே. 1964ல பேடி ஹாப்கிர்க் மான்டி கார்லோ ராலியை ஜெயிச்சது குட்டி மினி கூப்பர்ல. அதுக்கும் முன்ன எரிக் கார்ல்சன் சாப் வண்டியில பிரிட்டிஷ் ஆர்ஏசி ராலியை 1960, 61, 62ன்னு மூணு வருசம் வரிசையா அடிச்சான். 1994ல பிரிட்டிஷ் டூரிங் கார் பட்டத்தை தார்க்கினி எடுத்தது ஆல்ஃபா ரோமியோ 155ல. 2015ல ஆரம்பிச்ச டிசிஆர் பந்தயத்துல வர்ற வண்டி அத்தனையும் முன்சக்கரம் இழுக்கறதுதான். அந்த முன் டயருங்களும் இதே கொடுமையை அனுபவிச்சதுதானே? நம்ம ஊரு கரிவரதன் மாருதி 800 இன்ஜினைக் கழட்டி ஓட்டறவன் முதுகுக்குப் பின்னால வெச்சு, பின்சக்கரம் இழுக்கற ஃபார்முலா மாருதியாக்கிப் போட்டாரு. அவரு பேருல இருக்கற செட்டிபாளையம் ட்ராக்குல ஓட்டறே, சரி. ஆனா இன்ஜினைத் தூக்கிப் பின்னால வெக்க உன்ற ரூல் புஸ்தகம் விடாது. இருக்கறதை வெச்சுத்தான் பொழைக்கோணும்.

இப்ப சொல்லு, முன்னால என்ன ஸ்பிரிங்கு போட்டிருக்கறே? இருக்கறதுலயே கெட்டியானதா? ஆன்ட்டி ரோல் பாரும் தடிச்சதா? பின்னால? கம்பெனி போட்டுக் குடுத்ததா? பலே. "ரேஸ் வண்டின்னா கெட்டியா இருக்கோணும்"னு ஆரு சொன்னாங்க? வீடியோவுல ஒருத்தரு சொன்னாரா? அவரு என்ன வண்டி ஓட்டறாருன்னு பாத்தியா? பின்சக்கரம் இழுக்கற வண்டியா இருந்தா அந்த வைத்தியம் அவரு சீக்குக்குச் சரி. வவுத்து வலிக்காரனோட மாத்திரையைத் தலைவலிக்காரன் ஏஞ்சாமி முழுங்கோணும்?

நல்லாக் கேட்டுக்கோ, ஒரு தடவைதான் சொல்லுவேன். டயருக்கு ஒரு குணம் இருக்குது. அது மேல ஏத்தற பாரத்தை ரெண்டு மடங்கு ஆக்குனா, பிடி ரெண்டு மடங்கு ஆகாது. அதுல கொஞ்சம் கொறையத்தான் செய்யும். அதனால ஒரு அச்சுல இருக்கற ரெண்டு டயரும் பாரத்தைக் கூடியமட்டும் சமமாத் தாங்குனா மொத்தப் பிடி எச்சு. ஒருத்தன் தலையிலயே கட்டுனா மொத்தப் பிடி கம்மி. வளைவுல போறப்ப உள்பக்கத்துப் பாரம் வெளிப்பக்கம் தள்ளும். மொத்தத்துல எத்தனை தள்ளும்கறதை வண்டியோட எடை, உசரம், அகலம், நீ போற வேகம், இதுங்கதான் முடிவு பண்ணும். ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் அந்தத் தொகையைப் பெருசா மாத்தாது. முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவுன்னு பாகம் மட்டும் பிரிச்சு வெக்கும். எந்த அச்சு கெட்டியோ, அதுக்குப் பங்கு எச்சு.

நீ என்ன பண்ணிப்போட்டே? ஏற்கெனவே முதுகொடிய வேலை செய்யற முன்னச்சைக் கெட்டியாக்கி, இந்தப் பங்குலயும் முக்காவாசியை அதுக்கே எழுதி வெச்சுட்டே. உள்பக்க முன்சக்கரம் பாரமில்லாம ஆக்ஸிலேட்டரை மிதிச்ச ஒடனே சும்மா சுத்தும், ரப்பர் பொகையும். வெளிப்பக்க முன்சக்கரம் பாரம் தாங்காம நழுவும். வண்டி மூக்கு திரும்பாது. திரும்பலேன்னு நீ ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பே. டயரு குறுக்கால தேச்சுக்கிட்டே போகும். இப்பத் திண்ணையில கெடக்குதே, அந்த வெளி ஓரம் போன தடம் இதுதான். கம்பெனிக்காரனைத் திட்டுனியே, அந்தப் பாவம் உன்ற பின்னாலயே இன்னும் ரெண்டு சீசன் வரும்.

பண்ணோணுங்கற காரியம் அப்படியே தலைகீழு. பின்பக்கத்தைக் கெட்டியாக்கு. போலோவுக்குப் பின்னால இருக்கறது முறுக்குற பீம். ரூல்ல எடம் இருந்தா அந்த பீமோட இன்னொரு பார் சேத்துப் பூட்டலாம். ஸ்பிரிங்கும் கெட்டியாப் போடலாம். பின்னச்சு தன்ற பங்கை எச்சா வாங்கிக்கும், முன் டயரு ரெண்டும் பாரத்தைச் சமமாப் பிரிச்சுக்கும், மூக்கு திரும்பும். வளைவுல உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். உங்கம்மா பாத்தா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவா. நீ பதறாதே, முன்சக்கரம் இழுக்கற பந்தய வண்டியில அது சகஜம். ஆனா ஒண்ணு கவனி. சக்கரம் அந்தரத்துல தூக்கிருச்சுன்னா அதுல இருந்து எடுக்கப் பாரமே கெடையாது. அதுக்கு மேல பின்பக்கத்தை எத்தனை கெட்டியாக்குனாலும் துளி பிரயோசனம் இல்லே. மிச்சப் பாரம் திரும்பியும் முன்னச்சுலதான் வந்து குமியும். "கெட்டிப்படுத்துன்னு அப்பிச்சிதான் சொன்னாரு"ன்னு பின்னால இரும்புத் தூணு வெச்சுக்கிட்டு வந்து நிக்காதே.

இன்னொரு கூத்து, வண்டியை எறக்கறது. போன மாசம் ட்ராக்குக்குள்ள நீ வந்தப்பப் பாத்தேன்; அடியில ஒரு எறும்பு படுத்திருந்தா அதுக்கும் முதுகு செரைச்சிருக்கும். பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஃபோட்டோ எடுத்தவங்க அத்தனை பேரும் உன்ற வண்டியைத்தான் எடுத்தாங்க. முன்னால ஸ்ட்ரட் போட்ட வண்டியில கீழ்க்கை ஒண்ணு இருக்குதில்லே, கண்ட்ரோல் ஆர்மு? அது உள்பக்கம் உசந்தோ மட்டமாவோ இருக்கறப்ப, ஸ்பிரிங்கு அமுங்க அமுங்கச் சக்கரத்தோட தலை கொஞ்சமாச்சும் உள்ளுக்கு வரும். நீ அளவுக்கு மேல எறக்குனா அந்தக் கை வெளிப்பக்கம் மேல நோக்கி நின்னுக்கும். பொறவு அமுங்க அமுங்கச் சக்கரத் தலை வெளியாப்ல சாயும், கேம்பர்ங்கற அந்தச் சாய்வு கையை விட்டுப் போகும், டயரு ஓரத்துல நிக்கும். அதோட வண்டி எதை மையமா வெச்சுச் சாயுதோ அந்தப் புள்ளி, வண்டி எறங்குனதை விட வேகமாக் கீழ எறங்கிரும். ரோல் சென்டர்ம்பாங்க. அந்தப் புள்ளிக்கும் வண்டியோட பாரத்துக்கும் நடுவுல தூரம் கூடிப்போறதால, எறக்குன வண்டி எறக்காத வண்டியை விட எச்சாச் சாயும். சாயறதைக் கொறைக்கத்தானே எறக்குனே? இப்ப அதைத் தடுக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங்கு வாங்குவே. கடைக்காரன் தன்ற பையனுக்கு உன்ற பேரை வெச்சாலும் வெப்பான்.

அதுவும் போதாதுன்னு, எறக்குன வண்டியில ஸ்ட்ரட் சீக்கிரமே பம்ப் ஸ்டாப்புல போய் முட்டும். நடு வளைவுல அது முட்டுன கணம் முன்பக்கம் திடீர்னு கல்லாட்டம் கெட்டியாகும், பிடி போயிரும். "வளைவு பாதியில என்னமோ ஆவுதுங்க அப்பிச்சி"ன்னு மூணு மாசமாச் சொல்றியே, அந்த என்னமோ இதுதான். கீழ்க்கை ஏறக்கொறைய மட்டமா நிக்கற உசரத்துக்குத் தூக்கி வை. இல்லே, ரூல் விட்டா நீட்டுன பால் ஜாயிண்டு போட்டு அந்தக் கையைச் சரி பண்ணு. ஃபோட்டோ எடுக்க வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.

கேம்பரு? ஒண்ணரை டிகிரியா? அது ஆபீஸுக்குப் போற வண்டிக்கு. ஸ்ட்ரட் வண்டி சாயறப்பக் கேம்பரைத் தானாத் திருப்பிக் குடுக்கற யோக்கியதை அதுக்குக் கம்மி. அதனால நிக்கறப்பவே முன்சக்கரத் தலையை உள்ளுக்குச் சாச்சு வெக்கோணும். மூணு டிகிரி பக்கத்துல இருந்து ஆரம்பி, பொறவு டயரு சொல்றபடி கேளு. டயரு எப்படிச் சொல்லும்ங்கறியா? அதுக்கு ஊசி வெச்ச வெப்பமானின்னு ஒண்ணு விக்கறான். நீ வாங்குன சன் விசர் ஸ்டிக்கரை விட வெலை எச்சாத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லி வெக்கறேன். வேகமா ஓட்டிட்டு நேரா பிட்டுக்குள்ள வந்தவொடனே, சக்கரம் ஆறறதுக்கு முன்ன, ரப்பருக்குள்ள ஊசியைக் குத்தி மூணு எடத்துல பாரு: உள் ஓரம், நடு, வெளி ஓரம். உள் ஓரம் கொஞ்சம் சூடு எச்சா இருந்தா நல்லது. வெளி ஓரம் எச்சுன்னா கேம்பர் பத்தலே. நடு மட்டும் கொதிச்சா காத்து எச்சு. ரெண்டு ஓரமும் கொதிச்சு நடு ஆறிக் கெடந்தா காத்துக் கம்மி. தூரத்துல இருந்து செவப்பு வெளிச்சம் அடிச்சுக் காட்டற துப்பாக்கி வேண்டாம். அது மேல்தோல் சூட்டைத்தான் சொல்லும், ஒரு நேர் ரோடு ஓடி வந்தாலே அது மாறிப்போகும். காசே செலவு பண்ண மாட்டேன்னா, டயரு தோள்பட்டையில சாக்பீஸால கோடு போட்டு விடு. ரெண்டு சுத்து முடிச்சு வந்து, தரை எதுவரைக்கும் அழிச்சிருக்குதுன்னு பாரு. சாக்பீஸு உங்க பள்ளிக்கூடத்துலயே கெடச்சிருக்கும். நீ அந்தப் பக்கமே ஒழுங்காப் போகலே.

வலஞ்சுழியா ஓடற ட்ராக்குன்னா வலது வளைவு எச்சு, அதனால எடது முன் டயருதான் முதல்ல சாகும். நாலுக்கும் ஒரே அளவுன்னு நியாயம் பாக்காதே. அந்த டயருக்குத் தனிக் கணக்கு வை.

சக்கரத்தோட முன்பக்கம் உள்ளுக்கோ வெளியவோ திரும்பி நிக்கற டோவைப் பத்தி நெறையச் சொல்ல ஒண்ணுமில்லே. முன்சக்கரம் இழுக்கறப்ப அதுவாவே கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பப் பாக்கும், ரப்பர் புஷ்ஷு விட்டுக் குடுக்கறதால. அதனால நிக்கறப்ப ஒரு துளி வெளியாப்ல விரிஞ்சு வெச்சா வளைவுல நொழையறதுக்குச் சுறுசுறுப்பா இருக்கும். துளின்னா துளி. நேர் ரோட்டுல உள் ஓரம் இழுவி இழுவித் தேயற அளவுக்கு விரிக்காதே. பின்னால நேரா வை, ரொம்பத் தெளிஞ்சவன் ஆன பொறவு ஒரு இம்மி விரி. இப்ப வேண்டாம்.

காத்துக்கு வா. வெடியால ஏழு மணிக்கு, பனி ஆறாதப்ப, நீ நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவா அடிச்சுப்போட்டு, மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல பந்தயத்துக்கு அப்படியே கெளம்பிப் போறே. சூடு அஞ்சாறு டிகிரி ஏறுனா ஒரு பிஎஸ்ஐ கூடும். முன் டயரு பின் டயரை விட எத்தனையோ எச்சாச் சூடாகும். ஆக, குளுந்தப்பச் சமமா இருந்தது ஓடறப்பச் சமமா இருக்காது. நீ பாக்கோணுங்கறது ஓடி முடிச்சு வந்த சூட்டுல இருக்கற அளவு. டயருக்காரன் சொல்ற சூட்டு அளவுக்கு வர்றாப்ல, குளுந்தப்ப முன்னால கம்மியா வை. காத்து அளக்கற கேஜு உனக்குன்னு ஒண்ணு வேணும், ஆருகிட்டயும் எரவல் வாங்கப்படாது. ஊருல ரெண்டு கேஜு ஒரே நம்பர் காட்டி நான் பாத்ததில்லே.

இத்தனையும் பண்ணி வெச்சா வண்டியோட பின்பக்கம் உசுரு வந்து துள்ளும். இங்கதான் உனக்குச் சனி இருக்குது. பின் டயருக்கு வேலை கம்மி, சீக்கிரம் சூடேறாது. முதல் ரெண்டு மூணு சுத்துல முன் டயரு பிடிக்கும், பின் டயரு பிடிக்காது. நீ வளைவுக்குள்ள வேகமாப் போயிட்டு, பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டுனு விட்டுப்போட்டேன்னு வை, பாரம் முன்னால ஓடும், பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னால வந்து, "எங்க கண்ணு போறே?"ன்னு உன்னையே கேக்கும். அப்ப பிரேக்கை மிதிக்காதே. ஸ்டியரிங்கைப் போகோணுங்கற பக்கம் வெச்சு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் குடு; முன்சக்கரம் இழுத்து வண்டியை நேராக்கும். மனசு கேக்காது, தெரியும். மனசு சொன்னபடி ஓட்டித்தானே பத்தாவதா வந்தே?

லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் போட்டா எல்லாம் சரியாயிருமாங்கறியா? உள்சக்கரம் சும்மா சுத்தறதை அது நிறுத்தும். உன்ற வலது காலை அது நிறுத்தாது.

அந்தக் காலைப் பத்தித்தான் கடைசியாச் சொல்லோணும். டயருகிட்ட இருக்கற பிடி ஒரு அளவுதான். பிரேக்குக்கும் திருப்பறதுக்கும் இழுக்கறதுக்கும் அதுலதான் பாகம். நீ மூணையும் ஒரே நேரத்துல கேக்கறே. ஸ்டியரிங்கு முழுக்க ஒடிச்சபடி ஆக்ஸிலேட்டரைத் தரையோட அமுக்கறே, பொறவு "திரும்பலீங்க"ங்கறே. முன்சக்கரம் இழுக்கற வண்டியில ஸ்டியரிங்கை விரிக்க விரிக்கத்தான் காலை அமுக்கோணும். வளைவுக்குள்ள போற வேகத்துல ஒரு பிடி விட்டுக் குடு, வெளிய வர்றப்ப அதை வட்டியோட எடுத்துக்கலாம். மூக்கு திரும்பாதப்ப இன்னும் ஒடிக்காதே, கொஞ்சம் விரி. டயரு திரும்பப் பிடிக்கும். பிரேக்கை ஒரேயடியா விடாம மெல்ல மெல்ல விட்டுக்கிட்டே வளைவுக்குள்ள போனா, முன்னால பாரம் தங்கி மூக்கு தானாத் திரும்பும். கார்ல்சன் அப்பவே எடது காலைப் பிரேக்குல வெச்சுக்கிட்டு ஓட்டுனான். நீ முதல்ல வலது காலைப் பழக்கு, எடது காலைப் பொறவு பாக்கலாம்.

தகுதிச் சுத்துல வண்டி துல்லியமா இருக்குதுன்னு குதிக்காதே. பந்தயம் போகப் போக முன் டயரு தேயும், மூக்கு மந்தமாகும். அதனால தொடக்கத்துல பின்பக்கம் கொஞ்சம் எச்சாவே துள்ளறாப்ல வெச்சுக்கிட்டு, முதல் நாலு சுத்து வாலைப் புடிச்சு அடக்கி ஓட்டறவன்தான் கடைசி நாலு சுத்துல முந்துவான். நீ முதல் சுத்துல மூணு பேரை முந்தி, கைதட்டல் வாங்கிப்போட்டு, கடைசி அஞ்சு சுத்துல ஏழு பேருக்கு வழி விடறே. வழி விடறதுல உன்ற மரியாதையைக் கண்டு கார்னர் மார்ஷலே கண்ணு கலங்குனதா ஒரு பேச்சு.

புது டயரு வாங்கக் காசு கேக்கத்தானே வந்தே? குடுக்க மாட்டேன். இந்தப் பின் டயரு ரெண்டையும் முன்னால மாத்திப் பூட்டு, சூடேறி ஆறிப் பதமாத்தான் இருக்குது. முன்னால ஸ்பிரிங்கை ஒரு படி எளக்கு, பின்னால ஒரு படி கெட்டியாக்கு, முன்பக்கத்தைத் தூக்கு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தோணும், மாத்துனதை நோட்டுல எழுதோணும். அடுத்த தடவை ட்ராக்குக்கு வர்றப்ப கேஜும் ஊசி வெப்பமானியும் அந்த நோட்டும் கொண்டா. ஸ்டிக்கர் ஒட்டறவனை வூட்டுலயே விட்டுட்டு வா.